மூச்சுக்கு டிஸ்க்கில் இடமில்லை

மைக் செட், ரெக்கார்டிங் வேலை செய்யும் தம்பிகள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், நாங்களே வாசித்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாக இருந்தால் வாசிப்பவர் நிமிர்த்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் நிமிர்த்த வேண்டாம்.

கோபம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நாள்களுக்கு முன் உங்களில் ஒருவர் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன பழைய கேசட்டை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். திரையில் சத்தம் மேடும் பள்ளமுமாக ஓடியது. நடுவில் ஓர் இடம் நேர்கோடாக வந்தது. ஹெட்போன் மேஜைமேல்தான் கிடந்தது. அதை எடுத்துக் காதில் வைக்கக்கூட இல்லை. "ஒண்ணுமில்லண்ணே, எம்ட்டி" என்று சொல்லி, அந்தக் கோட்டை மௌஸால் இழுத்து அழித்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அங்கேயே திட்டியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அதனால் இப்போது திட்டுகிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளில் எல்லாம் கேசட்தான். வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள், நான் பதிந்து வைப்பேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு முதலாளி கம்ப்யூட்டரும் சிடி ரைட்டரும் வாங்கிப் போட்டார். எல்லோரும் அவரைச் 'சிடி அண்ணன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

டிஸ்க்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். தெரிந்திருந்தால் கோட்டை அழிக்க மாட்டீர்கள். ஆகையால் ஒருமுறை சொல்கிறேன். ஆடியோ சிடி என்பது உலகம் முழுக்கச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. இன்ன முறையில் எழுதினால் எந்த ஊரில் செய்த பிளேயரும் படிக்கும் என்பது அந்த ஏற்பாடு. எம்பி3 வேறு. அது கம்ப்யூட்டர் கோப்பு. ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான பாட்டை அடைக்கலாம், ஆனால் பழைய பிளேயர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஒருவருக்கு, கேட்காமலேயே எம்பி3-யாக அடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க, பாலக்காடு போய்ட்டு வந்துட்டனுங்க. ஒரு பாட்டுக்கூடப் பாடலீங்க. கிளீனர் பாடித்தான் என்னையத் தூங்காம வச்சிருந்தானுங்க. அதுக்கு நான் தூங்கியிருக்கலாமுங்க."

"எங்க கம்ப்யூட்டர்ல பாடுதேங்க" என்றார் முதலாளி.

"அப்ப உங்க கம்ப்யூட்டரத் தூக்கி என்ற லாரில வையுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நம் மிஷினில் பாடுகிறது என்று சொல்லும் வாய் இந்தத் தொழிலுக்கு ஆகாது. டிஸ்க் பாட வேண்டியது எந்த இடத்திலோ, அந்த இடத்தை மனதில் வைத்துத்தான் அதை எழுத வேண்டும். லாரிக்காரருக்குப் போனது தூக்கம்தான். அடுத்து நடந்தது அப்படி இல்லை.

குஜிலியம்பாறை போகும் வழியில் ஓர் ஊர். கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. வருஷாவருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அன்று பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசு பாடுபட்டுச் சிலுவையில் இறந்த கதை. மேடையில் யாரும் பேச மாட்டார்கள். எல்லா வசனமும் முன்பே பதிந்து வைத்தது. கேசட் ஓடும், நடிப்பவர்கள் வாயசைப்பார்கள். வந்திருக்கும் கூட்டத்துக்கு மைக் இல்லாமல் கேட்காது என்பதால் அந்தப் பக்கத்தில் பல ஊர்களில் இதுதான் வழக்கம்.

நாடகத்துக்குத் தலைவர் ஞானம் அண்ணன். பெரிய வெள்ளிக்கு முன் வரும் தவக்காலம் தொடங்கிய சமயத்தில் அவர் அந்தக் கேசட்டைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"ரொம்ப வருசத்துக்கு முந்தி எங்க ஊர் ஆளுகளே பேசுனதுப்பு. இப்ப இழுக்குது. தீர்ப்புச் சொல்ற பிலாத்து பேசுனா கெழவி பேசுற மாதிரி கேக்குது. சிடியாப் போட்டுக் குடுத்தா இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். ஒத்திகைக்கு வேற காப்பி வச்சிருக்கோம், அது இதவிட மோசம்."

முதலாளி உடனே, "காசு வேணாம்ணே, கடை சார்பா சாமிக்கு நான் செய்றேன்" என்றார். ஞானம் அண்ணன் கும்பிட்டார். நாடகத்தன்று கோயில் முற்றத்தில் வைத்து அந்தச் சிடியை வெளியிடுவது, முதலாளிக்குப் பொன்னாடை போடுவது என்று அங்கேயே பேச்சு முடிந்தது.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். முழுக்க ஹெட்போனில் கேட்டேன். இரண்டு பக்கமும் நிறைந்து தொண்ணூறு நிமிஷம். நாங்கள் வைத்திருந்த டிஸ்க் எண்பது நிமிஷத்துக்கானது. ஆடியோ சிடியில் கணக்கு நிமிஷக் கணக்குதான். பாட்டாக இருந்தாலும் சரி, சத்தமே இல்லாமல் இருந்தாலும் சரி, ஒரு நிமிஷத்துக்கு ஒரு நிமிஷ இடம். எம்பி3 அப்படி இல்லை, சும்மா இருக்கும் இடத்தை அமுக்கிச் சுருக்கிவிடும். ஆடியோ டிஸ்க் சுருக்காது. பேசுகிறவனுக்குக் கொடுக்கும் அதே இடத்தைப் பேசாதவனுக்கும் கொடுக்கும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் அது. முதலாளிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"அண்ணே, ரெண்டு டிஸ்க்காப் போட்டுருவமா? ஒண்ணுல அடங்காது."

"ரெண்டு டிஸ்க்குக்கு ரெண்டு அட்டை அடிக்கணும். என் போட்டோ போட்டு ஒரு அட்டைதான் அடிச்சிருக்கு. ஒண்ணுல அடக்கு."

"பத்து நிமிசம் கூட வருதுண்ணே."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "இங்க பாரு, அங்கங்க சும்மா கோடுதான் ஓடுது. சத்தமே இல்ல. இதையெல்லாம் தூக்குனா அடங்கிரும்."

"அந்த எடத்துல ஆளுக மூச்சு வாங்குற மாதிரி கேக்குதுண்ணே. கயிறு இழுக்குற சத்தமும் லேசா…"

"மூச்சுக்கெல்லாம் டிஸ்க்குல எடம் இல்லடா மாரி. தள்ளு."

என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். நேர்கோடு வந்த இடத்தையெல்லாம் தேடித்தேடி வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் நிமிஷம் குறைவதைப் பார்த்து அவருக்கு உற்சாகம். கேசட்டை நடுவில் திருப்பிப் போட்டு நாடகம் நடத்தியவர்களுக்கு ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடத் தெரியாதா? இதை நான் கேட்கவில்லை. அவர் கேட்கும் ஆளும் இல்லை. காட்சிக்கு ஒரு டிராக் என்று நான் பிரித்து வைத்திருந்ததை மட்டும் கலைக்காமல் விட்டார்.

டிஸ்க்கை ஊருக்கு முன்கூட்டியே கொடுக்கவும் இல்லை. வெளியீடு என்றால் அன்றுதான் வெளியே வர வேண்டுமாம். ஊர்க்காரர்கள் கடைசி நாள் வரை பழைய காப்பிக் கேசட்டில்தான் ஒத்திகை பார்த்தார்கள்.

பெரிய வெள்ளி அன்று கடைப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளிக்குப் பொன்னாடை போட்டார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் மேடைக்குப் பக்கவாட்டில் மைக் செட் மேஜையில் இருந்தேன். காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பதற்கு ஒரு மைக்கும் அங்கே இருந்தது.

இரண்டாவது காட்சியிலேயே தெரிந்துவிட்டது. சீடன் நடந்து வந்து நிற்பதற்குள் அவன் வசனம் முடிந்துவிட்டது. காவலாளி வாயை மூடிக்கொண்டு நிற்கிறான், அவன் குரல் ஸ்பீக்கரில் அதட்டுகிறது. பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. ஞானம் அண்ணன் மேஜைக்கு ஓடி வந்தார்.

"என்னப்பு இது, நாய் வெரட்டுன மாதிரி ஓடுது. நம்ம கேசட்டு இப்படி ஓடாதே."

"சும்மா இருந்த எடத்தையெல்லாம் வெட்டிட்டாகண்ணே. அந்தக் கேசட்டு இருக்கா?"

"நீங்கதான திருப்பிக் குடுக்கல."

ஒத்திகைக் காப்பியும் முந்தின நாள் மிஷினில் சிக்கி அறுந்துவிட்டதாம். வேறு வழி இல்லை. நான் மேடையைப் பார்த்துப் பார்த்துப் பாஸ் பட்டனை அமுக்க ஆரம்பித்தேன். ஆள் வந்து நின்றால் விடுவேன், நடக்கும்போது நிறுத்துவேன். ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். சிரிப்பு அடங்கியது. நாடகம் மெல்ல நடக்க ஆரம்பித்தது.

அப்போது பொன்னாடையோடு முதலாளி வந்தார்.

"ஏலே, என்ன டக்கு டக்குன்னு நிறுத்துற? டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு நெனைக்க மாட்டாங்க? எல்லாரும் என்னையப் பாக்குறாங்கடா."

"ஆளு வந்து நிக்கணும்ல அண்ணே."

"வேகமா வரச் சொல்லு. நீ ஓட விடு."

அவர் போகவில்லை. என் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சிலுவை ஏற்றும் காட்சி வந்தது. இயேசுவாக நடித்தவர் சின்னப்பன். கடலைக்காட்டு விவசாயி. அவரைச் சிலுவையில் படுக்கவைத்து, கைகளையும் இடுப்பையும் கயிற்றால் கட்டினார்கள். பாதத்துக்கு ஒரு சின்னக் கட்டை. சிலுவையின் அடியைக் குழிக்குப் பக்கத்தில் வைத்து, இடது பக்கம் ஒரு கயிறு, வலது பக்கம் ஒரு கயிறு பிடித்து இழுப்பார்கள். பின்னால் சிலர் கவட்டைக் கம்பால் முட்டுக் கொடுத்துத் தூக்குவார்கள். அடி குழிக்குள் இறங்கி, ஆப்பு அடித்து, சிலுவை ஆடாமல் நின்ற பிறகுதான் சிலுவையிலிருந்து முதல் வசனம் வர வேண்டும். வலது கயிற்றைப் பிடித்த செபஸ்திதான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்.

இழுப்பவர்கள் தலையைக் குனிந்து இழுப்பார்கள். மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. அவர்களுக்குக் கணக்கு காதில்தான். வசனம் வந்துவிட்டால் சிலுவை நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

நான் பாஸ் போட்டுவிட்டு அதன்மேலேயே விரல் வைத்து நின்றேன். சிலுவை பாதி எழுந்திருந்தது. முதலாளி என் கையைத் தட்டிவிட்டார்.

"எவ்வளவு நேரம்டா சும்மா நிக்கும்? கூட்டம் என்ன நெனைக்கும்?"

அவரே பட்டனை அமுக்கினார். சிலுவையின் முதல் வசனம் ஸ்பீக்கரில் முழங்கியது.

கயிறு பிடித்தவர்கள் பதறிவிட்டார்கள். நேரம் தவறிவிட்டது என்று நினைத்து வலது பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தார்கள். இடது பக்கத்தில் வயதானவர்கள், அவர்களால் அந்த வேகத்துக்கு இழுக்க முடியவில்லை. சிலுவை முறுக்கிக்கொண்டு வலது பக்கம் சாய்ந்தது. பின்னால் ஒரு கவட்டைக் கம்பு நழுவி விழுந்தது. சின்னப்பனின் காலடியில் இருந்த கட்டை கழன்றுபோய், அவர் பாரம் முழுக்க வலது கையில் தொங்கியது. அவர் வாய் அசையவில்லை. குரல் மட்டும் கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தது. அது பேசப்பேச இவர்கள் இன்னும் வேகமாக இழுத்தார்கள்.

நான் ஸ்டாப்பை அமுக்கினேன். சத்தம் நின்றது, அவர்கள் நிற்கவில்லை. கத்தினாலும் அங்கே கேட்காது. மேஜைமேல் மைக் இருந்தது. தம்பிகளே, அதுவரை நான் மைக்கில் 'ஒன் டூ த்ரீ' கூடச் சொன்னதில்லை. டெஸ்ட் பண்ணுவதற்குக்கூட விரலால் தட்டிப் பார்ப்பவன். அதை எடுத்துப் பேசினேன்.

"செபஸ்தியண்ணே, நிறுத்துங்க. சத்தத்தக் கேக்காதீக. நேரம் கெடக்கு. வலது கயிறு அப்படியே நிக்கட்டும். எடது கயிறு மெல்ல வரட்டும். பின்னாடி கம்பு நழுவிருச்சு, எடுத்துக் குடுங்க."

செபஸ்தி தலையைத் தூக்கி மேலே பார்த்தார். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மண்ணில் காலை ஊன்றி நின்றார். இடது பக்கம் மெல்ல இழுத்தார்கள். யாரோ ஓடிவந்து கம்பை எடுத்து முட்டுக் கொடுத்தார்கள். சிலுவை நேரானது. அடி குழிக்குள் இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஆப்பு அடித்தார்கள். அடித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். முதலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை.

பிறகு அந்த டிராக்கின் தொடக்கத்துக்குப் போய் ஓட விட்டேன். அதே வசனம் முதலிலிருந்து வந்தது. சின்னப்பன் வாயசைத்தார். வலது தோள் இறங்கிக் கிடந்தது. அதோடு கடைசி வரை நடித்தார்.

நாடகம் முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சாமி சிலுவையில கெடக்குறப்ப நீ யாருப்பா குறுக்க பேச?" என்றார் ஞானம் அண்ணன். "இம்புட்டு வருசத்துல ஒரு தடங்கல் உண்டா? ஊரே சிரிக்கும்."

"புதுப்பய, மிஷின் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் முதலாளி. பல வருஷம் அவரிடம் வேலை பார்த்தவனைப் பார்த்து, என் முன்னாலேயே அப்படிச் சொன்னார். மைக்கில் வந்த வாய் ஆள் முன்னால் வரவில்லை.

சின்னப்பனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அவர் மனைவி ஆரோக்கியம் அவருக்குப் பக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் எழுந்து வந்து முதலாளியின் முன் நின்றார். கையில் சிடி அட்டை இருந்தது.

"அட்டையில உங்க மூஞ்சி நல்லாத் தெளிவா விழுந்திருக்குங்கய்யா" என்றார். "எம்புருசன் கைதான் தொங்குது."

முதலாளி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

தோள் மூட்டு விலகியிருந்தது. அந்தக் கோடையில் சின்னப்பனால் உழவு பார்க்க முடியவில்லை. ஆரோக்கியம் தன் அண்ணனைக் கூப்பிட்டு வைத்து உழுதார். நாடகத்துக்கு மறுநாள் கடைக்குப் போனதும் நான் முதலாளியிடம் கேசட்டைக் கேட்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றேன்.

"அதான் சிடியாயிருச்சே. எந்தக் கேசட்டு? அதுல பாட்டு ஏத்திக் குடுத்தாச்சு."

கம்ப்யூட்டரில் தேடினேன். முழுசாக ஏற்றியதையும் இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டிருந்தார். அன்றைக்கு அந்தக் கடையை விட்டு இறங்கினேன். அவர் கடைக் கண்ணாடி அலமாரியில் அந்தப் பொன்னாடையும் சிடி அட்டையும் ரொம்ப காலம் இருந்தன. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் கடிக்கிறது.

ஏதோ ஒரு கேசட் போனதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். போனது என்ன என்று செபஸ்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் அவரும் ஞானம் அண்ணனும் சிடியைச் சரிசெய்து தரச் சொல்லி என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஞானம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். செபஸ்திதான் பேசினார்.

"அந்தக் கேசட்டப் பதிஞ்சப்ப நானும் இருந்தேம்ப்பா. பள்ளிக்கூடத்துக்குள்ள மைக்க வச்சுப் பேசுனாங்க. நாங்க வாசல்ல நெசமாவே ஆளக் கட்டிச் சிலுவையத் தூக்குனோம். அது நின்னு, ஆப்படிச்ச பெறகு கையக் காட்டுவோம். அப்புறந்தான் உள்ள பேசுவாங்க. அம்புட்டு நேரமும் டேப்பு ஓடிக்கிட்டே இருக்கும்."

நான் ஹெட்போனில் கேட்ட மூச்சு அவருடைய மூச்சு. முதலாளி வெட்டியது அவர்கள் ஆளைக் கட்டித் தூக்கி அளந்து வைத்த நேரம். வசனம் அந்தச் சிடியில் இருந்தது. அந்த நேரம் எங்கும் இல்லை.

இரவல் வாங்கிய ஒரு ரெக்கார்டரோடு அந்த ஊருக்குப் போனேன். சிலுவையைத் தூக்கச் சொன்னேன். யாரைக் கட்டுவது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ச் சிலுவைமேல் படுத்தார். ஆரோக்கியம் கயிற்றைத் தன் கையாலேயே இறுக்கிப் பார்த்துவிட்டு விலகினார். நான் பதிந்தேன். யாரும் அவசரப்படவில்லை. மற்ற காட்சிகளுக்கும் அவர்களை நடக்கவைத்து, நடந்த நேரத்தை அப்படியே பதிந்தேன். பழைய சிடியில் வெட்டப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் அதைத் திரும்ப வைத்து, இரண்டு டிஸ்க்காக எழுதினேன். அவர்கள் புதிதாக வாங்கியிருந்த பிளேயரிலேயே போட்டு, முழு ஒத்திகையும் அதிலேயே பார்க்கச் சொன்னேன். அன்றிலிருந்து அதைத்தான் போடுகிறார்கள். சின்னப்பன்தான் பல வருஷம் சிலுவையில் ஏறினார்.

அந்த இரண்டாவது டிஸ்க்கின் பிரதி ஒன்றை இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். சிலுவைக் காட்சியைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நேர்கோடுதான் தெரியும். அழிக்கக் கை துறுதுறுக்கும். கையை எடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டுங்கள், வால்யூமைக் கூட்டுங்கள். கயிறு முறுகுவது கேட்கும். செபஸ்தி மூச்சு வாங்குவது கேட்கும். ஆப்பு இறங்குவது கேட்கும். கடைசியில், மேலே இருந்து சின்னப்பன் மெல்லச் சொல்வது கேட்கும்: "ம், நின்னுருச்சு. இனிப் பேசச் சொல்லு."